'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று கார் வாங்குபவர்களுக்கு

"ஒரு வருடத்துக்கு மட்டும் ஒரு சின்னக் கார் இருந்தால் போதும்" என்று சொல்பவர்கள் எமது ஊரில் எப்போதும் இருக்கிறார்கள். உம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் பதுளை வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்பு. மகளுக்குப் பிரசவம் வரை கிளினிக். பிபிலைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்து, இடமாற்றம் வரும்வரை தினமும் போய்வர வேண்டிய ஆசிரியை. மூன்று மாத விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்து, கல்யாணப் பேச்சு, காணி அலுவல் என்று அலைய வேண்டிய இளைஞர். இவர்களில் யாரும் பெருமைக்காகக் கார் தேடுவதில்லை.

லுணுகலை, பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பசறை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 பாதையில் இருக்கிறது. பெரிய வைத்தியசாலை என்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மலைப்பாதையில் பதுளைக்குப் போகவேண்டும். பஸ் இருக்கிறது. ஆனால் சுத்திகரிப்பு முடிந்து தலைசுற்றலோடு வரும் ஒருவரை நெரிசலான பஸ்ஸில் நிற்கவைத்துக் கொண்டுவர முடியாது. ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்த பஸ்ஸைப் பிடிப்பதற்கே ஒரு முச்சக்கரவண்டி வேண்டும்.

நான் மெக்கானிக் அல்ல, வாகனத் தரகரும் அல்ல. கார் பார்க்கப் போகிறவர்கள் துணைக்குக் கூப்பிட்டால் கூடப் போகிற ஒருவன். அப்படிப் போய்வந்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. குறுகிய காலத்துக்குப் பழைய கார் வாங்குபவர் நட்டப்படுவது பெரும்பாலும் எஞ்சினால் அல்ல. "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று கணக்கையும் பிரேக்கையும் பத்திரத்தையும் அலட்சியம் செய்வதால்தான். பத்து வருடம் வைத்திருக்க வாங்குபவரை விட, பத்து மாதத்துக்கு வாங்குபவர்தான் இந்த மூன்றிலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

காரின் விலை வேறு, கார் உங்களுக்கு ஏற்படுத்தும் செலவு வேறு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம், இடையில் செய்த பழுதுபார்ப்பு, காப்புறுதி முதல் பெயர் மாற்றம் வரையான பத்திரச் செலவு, எரிபொருள் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் உண்மையான செலவு. ஐந்து வருடம் வைத்திருப்பவருக்கு வாங்கும்போது வரும் செலவுகள் ஐந்தாகப் பிரியும். உங்களுக்கு அவை முழுவதும் ஒரே வருடத்தின் தலையில் விழும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். 14 இலட்சத்துக்கு வாங்கிய காரை ஒரு வருடத்தில் 12.5 இலட்சத்துக்கு விற்கிறீர்கள். வித்தியாசம் 1.5 இலட்சம். டயர், பிரேக், பெட்டறி என்று இன்னொரு 1.5 இலட்சம். பத்திரங்களுக்கு 60 ஆயிரம். ஆக, கார் அசையாமல் நின்றாலும் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா போய்விடும். லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போய்வரப் பெற்றோல் 1,700 ரூபா என்றும், அதே பயணத்துக்கு வாடகை வாகனம் காத்திருப்புடன் 9,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். சொந்தக் காரில் ஒரு பயணத்துக்கு மிச்சம் 7,300 ரூபா. 3 இலட்சத்து 60 ஆயிரத்தை 7,300ஆல் பிரித்தால் ஏறத்தாழ 50 பயணம் வருகிறது.

அதாவது, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பதுளைக்குப் போக வேண்டியவருக்குக் கார் வாங்குவது இலாபம். வாரம் இரண்டு நாள் சுத்திகரிப்புக்குப் போகும் குடும்பம் கட்டாயம் யோசிக்கலாம். மாதம் ஒரு கிளினிக் மட்டும் என்றால், நகையை அடகு வைத்துக் கார் வாங்குவதை விட, ஊரில் நம்பிக்கையான ஒரு வான்காரரோடு மாதக் கணக்குப் பேசிக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கைப் போடாமல் கார் பார்க்கப் போகாதீர்கள். காரைப் பார்த்த பிறகு கணக்கு எப்போதும் காருக்குச் சார்பாகவே வரும்.

"வாகனம் விலை இறங்காது, எடுத்த விலைக்கே போகும்" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதியும் சரிந்தது. அந்த வருடங்களில் வாங்கி ஓட்டி, வாங்கியதை விடக் கூடிய விலைக்கு விற்றவர்கள் உண்டு. அது புதிய வாகனம் வராத சந்தையில் நடந்த கதை. 2025 பெப்ரவரி 1 முதல் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களும் மீண்டும் இறக்குமதியாகின்றன. வரி அதிகம் என்பதால் பழைய கார்கள் ஒரேயடியாக மலிந்துவிடவில்லை. ஆனால் விலை ஏறியே தீரும் என்ற உத்தரவாதமும் இப்போது இல்லை. விற்கும்போது பத்து வீதம் குறையும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். குறையாவிட்டால் அல்ஹம்துலில்லாஹ்.

எந்தக் கார்?

குறுகிய காலத்துக்கு வாங்குபவர் காரை வாங்கும்போதே விற்கவும் தொடங்கிவிடுகிறார். ஆகவே, "நல்ல கார் எது" என்பதோடு "அடுத்த வருடம் இதே ஊரில் இதைக் கேட்டு யார் வருவார்" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பசறையிலும் பதுளையிலும் உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். எந்த கராஜ் பாஸும் தயங்காமல் பொனட்டைத் திறக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பவை சுசுகி மாருதி 800, ஆல்டோ இரண்டும். மாருதி 800 இந்தியாவில் 1983 முதல் 2014 தொடக்கம் வரை தயாரானது. 796 சீசீ, மூன்று சிலிண்டர். எங்கும் பாகம் கிடைக்கும், எளிதில் விலைபோகும். ஆனால் அதன் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எயார்பேக் கிடையாது, தகடு மெல்லியது, நாலு பேரோடு ஏற்றத்தில் கஷ்டப்படும். இரண்டு பேர் வைத்தியசாலைக்குப் போய்வரப் போதும். குடும்பத்தோடு ஏறாவூருக்கோ கல்முனைக்கோ அடிக்கடி போகிறவருக்கு அது சரிவராது.

கொஞ்சம் கூடப் போடக்கூடியவர்கள் பெரோடுவா விவா எலைட், 1990களின் நிசான் மார்ச், பழைய டொயோட்டா கொரோலா ஆகியவற்றைப் பார்க்கலாம். மார்ச் என்றால் சீ.வீ.டி. கியர் உள்ளதை விட்டுவிட்டு மெனுவல் கியர் உள்ளதை எடுங்கள். வயதான சீ.வீ.டி. பெட்டியைச் சரிசெய்யக்கூடியவர்கள் எமது பக்கத்தில் குறைவு.

பத்து வருடம் தாண்டிய ஹைபிரிட் கார்கள் விலைக்குக் கவர்ச்சியாகத் தெரியும். எரிபொருளும் மிச்சம்தான். ஆனால் அதன் பெரிய பெட்டறிக்கு ஓர் ஆயுள் உண்டு. அது உங்களுடைய பத்து மாதத்துக்குள் முடிந்தால், எரிபொருளில் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். நீண்ட காலம் வைத்திருப்பவர் அந்தச் செலவைச் செய்து அனுபவிப்பார். நீங்கள் செலவைச் செய்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள். அதேபோல, அரிதான ஐரோப்பியக் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றை வைத்திருப்பவரால் விற்க முடியாமல் இருப்பதுதான். அந்தச் சிரமத்தை விலைகொடுத்து வாங்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது

கார் பார்க்கும் வேலையைக் காலையில், வெளிச்சத்தில், எஞ்சின் சூடாக முன்னரே செய்யுங்கள். "வரும் முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கைவைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒயில் மூடியின் உட்பக்கத்தில் பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை இருந்தால், ஒயிலும் தண்ணீரும் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட காரை மலையில் ஏற்றக் கூடாது. மாருதி 800 போன்றவற்றில் டைமிங் பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கருதி அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் பக்கம் ஓடிய கார் சமதரையில் வருடக்கணக்காகப் பிரச்சினை தராமல் இருந்திருக்கும். அதன் ரேடியேட்டரையும் கிளச்சையும் முதன்முதலில் சோதிப்பது நமது ஏற்றமாக இருக்கும். முற்பணம் கொடுக்கும் முன், முடிந்தால் பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பாதையில் ஏசி போட்டு, நாலு பேரோடு ஏற்றிப் பாருங்கள். வெப்பமானி நடுவைத் தாண்டக் கூடாது. எஞ்சின் இரைந்து கார் நகராவிட்டால் கிளச் முடிந்துவிட்டது.

இறக்கம் இன்னும் முக்கியம். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததையும், பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் நாம் மறக்கவில்லை. அன்று பாதையின் ஒடுக்கமும் அங்கே சரிந்து கிடந்த கற்பாறையும்தான் அதிகம் பேசப்பட்டன. ஒதுங்க இடமில்லாத இந்தப் பாதையில் சின்னத் தவறுக்கும் மன்னிப்பு இல்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். பழைய ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதிக்கும்போது, பெடல் காலுக்குக் கீழே மெத்தை போல அமுங்கிப் போகும். சமதரையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், 13ஆம் கட்டையில் பிடிக்காமல் போவது இப்படித்தான். ஆகவே எந்தக் கார் வாங்கினாலும், ஓட்டத் தொடங்கும் முன் பிரேக் ஒயிலை முழுவதும் மாற்றி, பேட், ஷூ இரண்டையும் கழற்றிப் பாருங்கள். "கொஞ்ச நாளைக்குத்தானே, இருக்கட்டும்" என்று விடக்கூடாத செலவு இது.

டயரில் பட்டன் இருந்தால் மட்டும் போதாது. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஆறேழு வருடம் கடந்த டயர் பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் மழைப் பாதையில் நம்பக் கூடாது.

இப்போது வெள்ளத்தில் மூழ்கிய கார்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. கழுவி, காயவைத்து, வாசனை தெளித்த காரை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே மிஞ்சியிருக்கும். ஸ்பெயார் டயரின் குழியையும், கால்மிதிக்குக் கீழே உள்ள தகட்டையும் பாருங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் இன்றைக்கு வேலை செய்து, ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாக விட்டுப்போகும்.

பத்திரம்: 'ஓபன் பேப்பர்' என்னும் பொறி

குறுகிய காலத்துக்கு வாங்குபவருக்குத் தரகர் சொல்லும் முதல் ஆலோசனை, "பெயர் மாற்ற வேண்டாம், ஓபன் பேப்பரில் ஓட்டிவிட்டு அப்படியே விற்றுவிடுங்கள்" என்பது. பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட எம்.டி.ஏ. 6 படிவமும் அவரது அடையாள அட்டைப் பிரதியும் கைமாறிக் கைமாறிப் போகும். திகதி எழுதப்பட்டிருக்காது. இடையில் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் அதை அறிவிக்கச் சொல்கிறது. விற்பவர் எம்.டி.ஏ. 8 படிவத்தில் கைமாற்றத்தை அறிவிக்க வேண்டும். வாங்குபவர் எம்.டி.ஏ. 6 மூலம் தனது பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பதிவு உரிமையாளர் இடையில் மௌத்தானால் அந்தக் கையெழுத்தை வைத்துப் பெயர் மாற்ற முடியாது. வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். விபத்து நடந்தால், காப்புறுதி வேறொருவர் பெயரில் இருக்கும்போது இழப்பீடு கேட்டு வாதாட வேண்டியது நீங்கள். பழைய உரிமையாளர் மனம் மாறி "என் வாகனத்தைக் காணவில்லை" என்று பொலிஸில் சொன்னாலும், ஓடித்திரிய வேண்டியது நீங்கள்தான்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, பெயர் மாற்றாமல் வைத்திருந்த பலர், முன்னைய உரிமையாளர் ஏற்கெனவே அந்த வாகனத்தைப் பதிந்திருந்ததால் பெற்றோலுக்குத் திண்டாடினார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, நிறுத்தியிருக்கும் வாகனத்தின் கண்ணாடியில் தொலைபேசி இலக்கம் எழுதி வைத்த நாட்களையும் எமது சமூகம் மறந்திருக்காது. சோதனைச் சாவடியில் "இது யாருடைய வாகனம்" என்ற கேள்விக்கு, கையிலுள்ள பத்திரம் பதில் சொல்ல வேண்டும். நாம் வாயால் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது.

முற்பணம் கொடுக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் காரில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். புகைப் பரிசோதனையில் தேறாத வாகனத்துக்குப் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது.

கடனுக்கு எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியின் மார்க்கச் சட்டத்தை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. வெறும் கணக்காகப் பார்த்தாலும் ஒரு வருடத் தேவைக்கு நாலைந்து வருட லீசிங் பொருந்தாது. ஆரம்ப மாதங்களின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், இடையில் தீர்ப்பதற்கும் கட்டணம் கேட்பார்கள். இஜாரா, முராபஹா முறையில் எடுத்தாலும், இடையில் விற்க நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். கையிலுள்ள பணத்துக்குள் வாங்கி, அதில் ஏழில் ஒரு பங்கையாவது பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கி வையுங்கள். 14 இலட்சம் இருந்தால் 12 இலட்சத்துக்குள் கார் தேடுங்கள்.

விற்கும் நாள்

ஒரு வருடத்தில் நீங்களே விற்பவர் ஆகிறீர்கள். தனிநபரிடம் பழைய பொருள் வாங்கும்போது "வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதே நாட்டுச் சட்டத்தின் பொதுவான நிலை. நமது பிக்ஹ் அதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. தெரிந்த குறையை மறைத்து விற்பது கூடாது. மறைத்தது தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. உடன்பாட்டின் பேரில் மூன்று நாள் வரை யோசித்து முடிவெடுக்கும் கியார் முறையும் ஷாபிஈ மத்ஹபில் இருக்கிறது. வாங்கும்போது இதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம். விற்கும்போது நீங்களே முன்வந்து கொடுக்கலாம். நம்மூர்ப் பாதையில் இது வெறும் கொடுக்கல் வாங்கல் ஒழுக்கம் மட்டும் அல்ல. பிடிக்காத பிரேக்கைச் சொல்லாமல் விற்றால், அடுத்த மாதம் அதில் 13ஆம் கட்டையைக் கடக்கப்போவது நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் குடும்பமாக இருக்கலாம்.

விற்பதற்கு அவசரப்படும் நிலையை உருவாக்காதீர்கள். விமானச் சீட்டு எடுத்த பிறகு விற்கத் தொடங்குபவரிடம் தரகர் கேட்கும் விலையே விலை. தேவை முடிவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே விளம்பரம் போடுங்கள். பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தால், அதைக் காட்டியே பேரம் பேசலாம்.

பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்து ஸலாம் சொல்லிவிட்டால் வேலை முடியவில்லை. வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, திகதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, எம்.டி.ஏ. 8 படிவத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதுவரை, அந்தக் கார் எந்த ஊரில் யாரை இடித்தாலும், பொலிஸார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.